சம்மன் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

கடைக்கு நீதிமன்றச் சம்மன் வந்ததும் நம்மில் பலர் பற்று வரவு நோட்டைத்தான் முதலில் புரட்டுகிறோம். அதற்கும் முன்பு பிராதைப் படிக்க வேண்டும். இந்த வழக்கை இந்த நீதிமன்றத்தில், இந்த வாதி, இந்தத் தேதியில் போட முடியுமா? இப்படி ஆட்சேபிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சில ஆட்சேபணைகளுக்குக் கெடு உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். தேனி மளிகைக் கடைக்காரர் ஒருவர் தேனியிலேயே ஆர்டர் கொடுத்து, அங்கேயே சரக்கு எடுத்து, அங்கேயே பணம் கட்டி வருகிறார். மொத்த வியாபாரியோ பாக்கிக்காகச் சென்னையில் வழக்குப் போடுகிறார். கடைக்காரர் கணக்கைப் பற்றி மட்டும் பதில் தாக்கல் செய்து தோற்றுப் போகிறார். பிறகு அப்பீலில், "சென்னைக்கு வரம்பு இல்லை" என்கிறார். பயன் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் (1908) 21ஆம் பிரிவின்படி, இட வரம்பு பற்றிய ஆட்சேபணையை முதல் வாய்ப்பிலேயே, எழுவினாக்கள் வனையும் முன்பாகச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் நீதி தவறியது என்றும் காட்ட வேண்டும்.

பில்லில் "சென்னை நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது" என்று அச்சிட்டிருந்தாலும், வரம்பே இல்லாத நீதிமன்றத்திற்கு அந்த வரி வரம்பைக் கொடுத்துவிடாது.

வக்கீலிடம் கேட்க வேண்டிய மற்றவை:

1. காலவரையறை: தவணை பேசாத கடன் சரக்குக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு. தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. கெடுவுக்குள் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டிருந்தால் புதுக் கணக்கு தொடங்கும். காலம் கடந்த வழக்கை, நாம் சொல்லாவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும்.

2. வாதி: பதிவு செய்யாத கூட்டு வியாபார நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்கு வெளியார் மீது வழக்குப் போட முடியாது (கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 69).

3. தரப்பினர்: சேர்க்க வேண்டியவரைச் சேர்க்கவில்லை என்ற ஆட்சேபணையையும் எழுவினாவுக்கு முன்பே எழுப்ப வேண்டும்.

4. சமரசம்: 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்கில், அவசரப் பரிகாரம் கேட்காதபோது, வழக்குக்கு முன் சமரசத்திற்குச் செல்வது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அவ்வாறு செல்லாத பிராது நிராகரிக்கப்படும்.

பிராதைப் படித்த மாத்திரத்தில் சட்டத் தடை தெரிந்தால், கட்டளை 7 விதி 11இன் கீழ் நிராகரிக்கும்படி மனுச் செய்யலாம். அப்போது நீதிமன்றம் பிராதில் உள்ளதை மட்டுமே பார்க்கும். நம் பதிலைப் பார்க்காது. மனு நிலுவையில் இருக்கிறதே என்று பதிலுரையைத் தள்ளிப் போடக் கூடாது. சம்மன் கிடைத்த 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 90 நாள் வரை நீட்டிப்பார்கள். வணிக வழக்குகளில் 120 நாளுக்குப் பிறகு அந்த உரிமையே போய்விடும்.

ஒரு வார்த்தை. நியாயமான பாக்கியைக் கொடுக்காமல் இழுத்தடிக்க இந்தச் சட்டம் இல்லை. நாமே வழக்குப் போடும் நாளிலும் இதே பட்டியல் உதவும். கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்து வையுங்கள். பாக்கிதாரரிடம் ஆண்டுதோறும் கணக்கில் கையெழுத்து வாங்குங்கள். சம்மன் வந்தால் உறையில் தேதியைக் குறித்துக்கொண்டு, மறுநாளே வக்கீலைப் பாருங்கள்.