பெல்லை மாற்றினால் சுருதி சேருமா?

கிளாரினெட்டின் அடியில் விரிந்திருக்கும் பெல் வழியாகத்தான் நாதம் வெளியே வருகிறது, அதைக் குடைந்தோ வேறு மரத்தில் மாற்றியோ விட்டால் எல்லாச் சுரங்களும் திருந்திவிடும் என்ற நம்பிக்கை வாசிப்பவர்களிடையே வேரூன்றியிருக்கிறது.

உண்மை வேறு. பெரும்பாலான சுரங்களின் ஒலி, திறந்திருக்கும் முதல் சில துளைகளிலேயே வெளியேறிவிடுகிறது. ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள்தான் துளைகளைத் தாண்டி பெல் வரை ஓடுகின்றன. சோதித்துப் பார்ப்பதும் எளிது. பெல்லைக் கழற்றிவிட்டு, விரல் எதுவும் வைக்காமல் வரும் ஜி சுரத்தை வாசித்தால் மாற்றம் தெரிவதே அரிது. எல்லாத் துளைகளையும் மூடி அடி ஈ-யை வாசித்தாலோ சுருதி எகிறிவிடும். அந்தச் சுரத்துக்குக் கீழே துளைகள் இல்லை. அவற்றின் வேலையைத்தான் பெல் செய்கிறது.

சரி, அந்த அடி ஈ தாழ்ந்து ஒலித்தால் பெல்லைச் சற்றுக் குட்டையாக்கலாமே? இங்கேதான் சிக்கல். பி-பிளாட் கிளாரினெட்டில் அடி ஈ ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதே விரல்களோடு ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மூன்று மடங்கு உயர்ந்து 440 ஹெர்ட்ஸ் வரும். ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கும் அதே ஏ சுரம். ஒரே நீளம் இரண்டு சுரங்களையும் தாங்குகிறது. ஒன்றை உயர்த்தினால், ஒழுங்காக இருந்த மற்றதும் உயர்ந்துவிடும்.

ஜெர்மன் முறைக் கிளாரினெட் செய்பவர்கள் இதற்கு நல்ல வழி கண்டார்கள். பெல்லில் ஒரு துளை, அதன்மேல் ஒரு கீ; அடி ஈ, எஃப் வாசிக்கும்போது மட்டும் திறந்தால் போதும். இதேபோல, நாகஸ்வரத்தின் அடிப்பகுதியில் உள்ள கூடுதல் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி திருத்துவது நமக்குத் தெரிந்ததே. மெழுகை எடுத்துவிடலாம்; குடைந்த மரம் திரும்பி வராது.

அடுத்தது மரத்தின் பெருமை. இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-இல் வெளியிட்ட சோதனையில், உள்ளளவு ஒன்றாக இருந்த வெள்ளி, செம்பு, மரப் புல்லாங்குழல்களைக் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. எது என்று தெரியாமல் வாசித்த கலைஞர்களாலும் முடியவில்லை. அது புல்லாங்குழல்தான் என்றாலும், காற்றுத்தம்பம் ஒலிக்கும் கருவி என்ற வகையில் கிளாரினெட்டுக்கும் அது பெரிதும் பொருந்தும். இரண்டு பெல்கள் வேறாக ஒலித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உட்புற வடிவத்தை. விலையுயர்ந்த கோகோபோலோ மரத்தாலான பெல்லில் கைக்குத் தெரியும் அதிர்வு மெய்யானதுதான். ஆனால் அது முன்வரிசையில் இருப்பவரின் காதுக்குப் போய்ச்சேரும் என்று நம்ப இடமில்லை.

பெல்லில் கை வைக்கும் முன் ட்யூனர் செயலியோடு எல்லாச் சுரங்களையும் ஒருமுறை வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை அடி ஈ, எஃப், அவற்றின் மேல் சுரங்கள் ஆகியவற்றோடு நின்றால் பெல்லைப் பாருங்கள். குழல் முழுக்கப் பரவியிருந்தால் காற்று கசியும் பேட்கள், ரீட், மவுத்பீஸ், பேரல் ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள்.