சில்லு பூட்டுப்படுகிறது, ஆனால் பொருந்துகிறதா?



இந்த வார ஒலிப்பதிவில் பழைய சிஸ்டத்தோடு புது லைப்ரரியை இணைப்பது பற்றிக் கதைத்தோம். முடிவில் நான் வாய் தவறி, "இந்தப் பாடத்தை எனக்குப் படிப்பித்தது என்னுடைய பழைய பாண்டாவின் சில்லு" என்று சொல்லிவிட்டேன். அது என்ன கதை என்று கேட்டவர்களுக்காக இந்த மடல். கார் இல்லாதவர்களும் வாசிக்கலாம். விஷயம் காரைப் பற்றியது மட்டுமில்லை.

நான் பலெர்மோவில் ஒப்பந்த முறையில் ஐ.டி. வேலை செய்கிறேன். வார நாட்களில் மற்றவர்களின் சேர்வரைத் திருத்துவது தொழில், வார இறுதியில் என் 1988ஆம் ஆண்டு ஃபியட் பாண்டாவைத் திருத்துவது பைத்தியம். 1980இல் வந்த கார் இது. வடிவமைத்தவர் ஜியோர்ஜெத்தோ ஜுஜியாரோ. தட்டையான கண்ணாடி, பெட்டி மாதிரி உடம்பு, பின்னால் தூக்கித் திறக்கிற கதவு. பலெர்மோவுக்குக் கிழக்கே தெர்மினி இமெரேசேயில் 1970 முதல் 2011 வரை இயங்கிய ஃபியட் தொழிற்சாலையிலும் பாண்டா செய்தார்கள். அதனால் இங்கே அது ஊர்ப்பிள்ளை. ஒவ்வொரு சந்திலும் ஒன்றாவது நிற்கும்.

அதன் ஒரே குறை, சில்லு மெலிசு. 135 மில்லிமீற்றர் அகல டயர். பக்கத்தில் இருந்து பார்த்தால் தடித்த ஆளுக்குச் சின்னப்பிள்ளையின் செருப்புப் போட்ட மாதிரி. அகலமான அலோய் சில்லு நான்கு மலிவாகக் கிடைத்தபோது யோசிக்காமல் வாங்கினேன். நான்கு ஓட்டை, 13 அங்குலம். வேறென்ன வேண்டும்? வீட்டுக்குக் கீழே நானே பூட்டினேன். நான்கு போல்டும் இறுகின. வடிவாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மா அப்பாவோடு மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குப் போனோம். மேலே சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. பலெர்மோத் தமிழர்கள், சைவக்காரரும்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவது வழக்கம். ஏறும்போதே ஸ்டியரிங் கொஞ்சம் நடுங்கியது. "பலன்ஸ் பண்ண வேணும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது வளைவு ஒன்றில் அப்பா பின் சீற்றில் இருந்து சொன்னார்: "தம்பி, முன் சில்லில ஏதோ 'டக் டக்' எண்டுது. நிப்பாட்டு."

நிறுத்திப் பார்த்தேன். முன் இடது சில்லில் இரண்டு போல்ட் கையாலேயே திரும்பின. மூன்றாவது பாதி வெளியே வந்திருந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அம்மா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிழை எங்கே? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஓட்டை வட்டம்: இரண்டு மில்லிமீற்றர் பொய்

நான்கு போல்டின் மையங்களையும் தொட்டு ஒரு வட்டம் கீறினால், அதன் விட்டம்தான் முதல் இலக்கம். பழைய ஃபியட் கார்களில் இது 98 மில்லிமீற்றர். முதல் தலைமுறை கோல்ஃப் போன்ற பல கார்களில் 100. எழுதும்போது 4×98, 4×100 என்பார்கள். நான் வாங்கியது 4×100.

சில்லைச் சரியாக நடுவில் வைத்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மில்லிமீற்றர் தள்ளி இருக்கும். ஆனால் நாங்கள் அப்படிப் பூட்டுவதில்லை. முதல் போல்டை முழுக்க இறுக்குகிறோம். அந்த ஓட்டை சரியாக வந்து உட்காரும். உடனே சில்லு முழுவதும் ஒரு மில்லிமீற்றர் நகரும். எதிர்ப் பக்க ஓட்டை இப்போது 2 மில்லிமீற்றர் பிழை, இரு பக்கத்து ஓட்டைகளும் சுமார் 1.4 மில்லிமீற்றர் பிழை. ஸ்டியரிங் நடுங்கியதற்குக் காரணம் இந்த நகர்வுதான். சில்லு நடுப்புள்ளியில் சுற்றவில்லை.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். காரின் பாரத்தை போல்ட் நேராகத் தாங்குவதில்லை. போல்ட் சில்லை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. போல்டின் கூம்புத் தலை சாய்ந்து உட்கார்ந்தால், நாங்கள் கொடுக்கும் பலத்தில் பெரும்பகுதி போல்டை வளைக்கத்தான் போகும். கைக்கு இறுகின மாதிரித் தெரியும், உள்ளே அழுத்தம் இருக்காது. சில்லு சுற்றச் சுற்றத் தளரும்.

எங்கள் மொழியில் சொன்னால், கம்பைல் ஆகிவிட்டது, எச்சரிக்கை கூட வரவில்லை, ஓடும்போது விழுந்தது.

2. நடு ஓட்டையும் போல்டும்

சந்தையில் விற்கும் அலோய் சில்லுகள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். என் காரின் ஹப் 58.1 மில்லிமீற்றர். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். நான் போடவில்லை. போட்டிருந்தால் முதல் போல்டை இறுக்கும்போதே சில்லு நகர மறுத்திருக்கும், பிழையை அங்கேயே பிடித்திருப்பேன். நல்ல வளையம், உள்ளீட்டைச் சரிபார்க்கும் நிரல் வரி மாதிரி.

போல்டுக்கும் மூன்று இலக்கணம் உண்டு: புரி, நீளம், தலையின் வடிவம். ஃபியட்டுக்கு எம்12×1.25, கூம்புத் தலை. ஃபோக்ஸ்வாகனின் அந்தக் காலத்துப் போல்ட் எம்12×1.5, உருண்டைத் தலை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

3. அகலமும் உள்வாங்கலும்

இது ஒரு சின்னக் கணக்கு. சில்லின் அகலத்தை அங்குலத்தில் 'ஜே' என்று எழுதுவார்கள். ஹப்பில் ஒட்டும் முகம் சில்லின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளியே இருக்கிறது என்பது 'ஈ.டி.'.

உள்பக்கம் = அகலத்தில் பாதி + ஈ.டி.
வெளிப்பக்கம் = அகலத்தில் பாதி − ஈ.டி.

ஓர் உதாரணம். பழையது 4.5ஜே, ஈ.டி. 38. அரை அகலம் 57.15. உள்ளே 95.15, வெளியே 19.15 மில்லிமீற்றர். புதியது 6ஜே, ஈ.டி. 25. அரை அகலம் 76.2. உள்ளே 101.2, வெளியே 51.2. அதாவது சஸ்பென்ஷன் பக்கம் 6 மில்லிமீற்றர் கிட்டப் போகிறது, மட்காட் பக்கம் 32 மில்லிமீற்றர் வெளியே வருகிறது. வெளியே வந்தால் பேரிங்குக்குப் பாரம் கூடும், பள்ளம் விழுந்த தெருவில் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். பலெர்மோத் தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

கணக்கு முடிந்த பிறகும் நேரில் பாருங்கோ. பின் சீற்றில் ஆட்களை இருத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்கேயாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் காரில் உரசாதது குடும்பத்தோடு போகும்போது உரசும்.

4. டயரின் உயரம்

135/80 ஆர்13 டயரின் விட்டம்: 135 × 0.80 × 2 = 216. அதோடு 13 அங்குலம், அதாவது 330.2. மொத்தம் 546.2 மில்லிமீற்றர். 165/65 ஆர்13 என்றால் 544.7, வித்தியாசம் 0.3 வீதம்தான். 175/50 ஆர்13 என்றால் 505.2, ஏழரை வீதம் குறைவு. வேகமானி உண்மையைவிடக் கூடக் காட்டும், காரும் தாழும். டயரின் பாரக் குறியீடும் வேகக் குறியீடும் காருக்குக் குறிக்கப்பட்டதைவிடக் குறையக்கூடாது.

5. கடதாசி

இத்தாலியில் எந்த டயர் போடலாம் என்பது வண்டியின் 'லிப்ரெத்தோ'வில் இருக்கிறது. அதில் இல்லாத அளவைப் போட்டால் வீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு பாயும். முன்பு இது கிட்டத்தட்ட மூடிய கதவு. 2013ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க அமைச்சு ஆணைக்குப் பிறகு, குறிப்பிட்ட கார் மாடலுக்கு என்று அனுமதி பெற்ற சில்லுகளைப் போட்டு, பரிசோதனை முடித்து, லிப்ரெத்தோவில் பதியலாம். தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு: இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கோ.

இதை வெறும் அலுப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. "இந்தச் சில்லு இந்தக் காருக்கு" என்று யாரோ அளந்து, கையெழுத்து வைத்திருக்கிறார்கள். நான் செய்யாமல் விட்ட சோதனை அதுதான்.

கதையின் மிச்சம்

அன்றைக்கு உதிரிச் சில்லு பழைய இரும்புச் சில்லாக இருந்ததால் தப்பினோம். அதைப் பூட்டி, மற்ற மூன்றையும் இறுக்கி, நடக்கிற வேகத்தில் ஊர்ந்து இறங்கினோம். அதையும் செய்திருக்கக்கூடாது. கார் கொண்டுபோகும் வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் கொம்மிஸ்தாவிடம் காட்டினேன். வளைந்த போல்ட் ஒன்றை மேசையில் உருட்டிக் காட்டினார். அது நொண்டி நொண்டி உருண்டது. அந்தப் போல்ட் இப்போது என் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. "கிட்டத்தட்டச் சரி" என்று ஒரு மாற்றத்தை அனுப்பப் போகும்போதெல்லாம் அதை ஒருக்கால் உருட்டிப் பார்ப்பேன்.

பாண்டா மறுபடியும் மெலிந்த சில்லில்தான் ஓடுகிறது. 4×98இல், இந்த மாடலுக்கே அனுமதி பெற்ற 5ஜே சில்லுகள் பல்கனியில் காத்திருக்கின்றன. கடதாசி முடிந்த பிறகுதான் பூட்டுவேன். பூட்டி, 50 கிலோமீற்றர் ஓடி, திரும்பவும் இறுக்கிப் பார்த்த பிறகுதான் அம்மா அப்பாவை ஏற்றுவேன்.

இந்த வாரத்துக்கு வீட்டுவேலை: உங்கள் வேலையில் "நான்கு ஓட்டையும் பொருந்துதே" என்று நம்பி இணைத்த ஒன்றை எடுங்கோ. அந்த இரண்டு மில்லிமீற்றர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கோ. அடுத்த ஒலிப்பதிவில் கதைப்பம்.

அன்புடன்,
பலெர்மோவில் இருந்து