தேகப்பயிற்சியில் பல வகை வேண்டுவது ஏன்?

நாள்தோறும் சைக்கிளில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் சென்று கிராமங்களைச் சுற்றிவரும் களப்பணியாளர், தமக்கு வேறு தேகப்பயிற்சி எதுவும் வேண்டியதில்லை என்று கருதுவது இயல்பே. அவருடைய இருதயமும் நுரையீரலும் நல்ல நிலையில் இருக்கக்கூடும். ஆனால் அவரே ஒரு தானிய மூட்டையைத் தலைக்கு மேலுள்ள பரணில் ஏற்ற முயலும்போது தோள் இடங்கொடுப்பதில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால் கையை ஊன்றாமல் எழ இயலுவதில்லை. பல ஆண்டுகள் உழைத்த உடல் சில வேலைகளுக்கு மட்டும் பழகாமலே இருந்துவிடுவது ஏன் என்பதற்கு உடலியல் விஞ்ஞானம் தெளிவான விடை கூறுகிறது.

உடல், தன்னிடம் எது கேட்கப்படுகிறதோ அதற்கேற்பவே தன்னை மாற்றிக்கொள்கிறது. எலும்புகளைப் பற்றியுள்ள தசைகளில் இரு பிரதான வகை நார்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு வகை மெதுவாகச் சுருங்குவது, எளிதில் களைப்படையாதது. நடத்தல், சமதளத்தில் சைக்கிள் மிதித்தல் முதலிய நீடித்த வேலைகளைப் பெரும்பாலும் இவ்வகையே ஏற்று நடத்துகிறது. மற்றது விரைந்து, வலிமையுடன் சுருங்குவது, விரைவிலேயே களைத்தும்விடுவது. பளு தூக்கும்போதும், தாவும்போதும், கால் இடறிய கணத்தில் விழாமல் சமாளிக்கும்போதும் இதுவே கைகொடுக்கிறது. வயது முதிர முதிர இந்த இரண்டாம் வகை நார்களே அதிகமாக மெலிகின்றன. மெதுவான நடையை மட்டும் மேற்கொண்டவரிடம் இவற்றிற்கு வேலை கிடைப்பது அரிது. முதுமையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்வோர் பலரது துன்பத்திற்கு, எலும்பின் நலிவோடு இத்தசை நலிவும் காரணமாகிறது.

எலும்பும் இவ்விதிக்கு விலக்கன்று. தாங்கும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை வைத்தியர் யூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றக் கையின் எலும்பைவிடத் தடித்திருப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டியுள்ளன. இதற்கு மாறாக, பல்லாண்டுகள் பந்தயச் சைக்கிள் ஓட்டியவர்களுள் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அவர்களுடைய இருதயம் மிக உறுதியானது. ஆயினும் உடலின் பாரத்தைப் பெரும்பாலும் இருக்கையே தாங்கிவிடுவதால், எலும்புக்கு வேண்டிய அதிர்வும் சுமையும் கிட்டுவதில்லை. மாடிப்படி ஏறுதல், கயிறு தாண்டுதல், சுமை தூக்குதல் போன்றவையே இக்குறையை நிரப்ப வல்லவை.

பயிற்சியின் வகை மட்டுமன்றி அதன் அளவும் பயனை வேறுபடுத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலோர்ம் என்ற வைத்தியர், 1945ஆம் ஆண்டில் ஒரு புது முறையை வெளியிட்டார். இலேசான பளுவைப் பன்முறை தூக்குவது தாங்கும் சக்தியை வளர்க்கும். கனமான பளுவைச் சில முறை தூக்குவதே வலிமையை வளர்க்கும் என்பது அவருடைய கொள்கை. வலிமை கூடக் கூடப் பளுவையும் உயர்த்திச் செல்லவேண்டும் என்றார். இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் அதே இருபது தண்டாலை அதே வேகத்தில் எடுப்பவருக்கு, பெற்ற வலிமை நிலைத்திருக்கலாம். அதற்கு மேல் வளர்ச்சி இராது. பயிற்சி பயனற்றுப் போயிற்று என்று இதற்குப் பொருளன்று. உடல் அதற்குப் பழகிவிட்டது என்பதே பொருள்.

ஒரு வகை இயக்கமும் நன்மை தரும் என்பதில் ஐயமில்லை. லண்டன் நகரின் இரட்டை மாடிப் பஸ்களில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்பதை ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியரும் சகாக்களும் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இருதயத்திற்கு அது போதியதாயிருக்கலாம்; முழு உடலுக்கும் போதாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கமோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான இயக்கமோ மேற்கொள்வதுடன், இரண்டு நாட்களேனும் பிரதான தசைகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்று அது கூறுகிறது. நடைப்பயிற்சி எத்தனை நிமிடம் செய்தாலும் இந்த இரண்டாம் பகுதிக்கு ஈடாகாது. நடையோடு நிறுத்திக்கொள்வோர் கவனியாதுவிடும் பகுதியும் இதுவே.

இந்திய மரபு இதனைப் பண்டே உணர்ந்திருந்தது எனலாம். வட இந்திய மல்யுத்தக் கூடங்களாகிய அக்காடாக்களில் பயில்வோர் களத்து மண்ணைக் கொத்திப் புரட்டுவர், தண்டாலும் பஸ்கியும் எடுப்பர், கயிறு ஏறுவர், கர்லாக்கட்டை சுழற்றுவர், பிறகு மல்லாடுவர். தள்ளுதல், இழுத்தல், அமர்ந்தெழுதல், சுழற்றுதல், நிலைகொள்ளுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கிவிடுகின்றன. விலையுயர்ந்த கருவி ஒன்றும் அங்கு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பல வகை கொள்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. தினந்தோறும் ஒரே இயக்கத்தைச் செய்யும்போது அதே மூட்டும் அதே நாணும் தேய்வுறுகின்றன. ஓடுவோரின் முழந்தாளும் முன்னங்காலும் குதிகாலும் நோவது இதனாலேயே. பளு வெவ்வேறு உறுப்புக்களுக்குப் பகிரப்பட்டால், நொந்த பகுதி தேறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது.

ஆயினும் தினம் ஒரு புதுப் பயிற்சி என்று அலைவது வீண். பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் தசையைச் செவ்வனே ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது; தசை பருப்பது அதன் பின்னரே குறிப்பிடத்தக்க அளவை எட்டுகிறது. இடையில் அடிக்கடி மாற்றுபவர் எப்போதும் தொடக்க நிலையிலேயே நின்றுவிடுவார். ஆகவே ஒரு வாரத்திற்குள் வகைகளைப் பகிர்ந்துகொண்டு, அந்த ஏற்பாட்டை ஆறு அல்லது எட்டு வாரம் மாற்றாமல் கைக்கொள்வது தக்கது. சைக்கிளில் செல்லும் பணியாளர், இரு நாட்களில் தண்டால், பஸ்கி, நீர் நிறைந்த வாளியைத் தூக்கி நடத்தல் ஆகியவற்றிற்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம். பத்து லிட்டர் நீரின் எடை பத்து கிலோ. நீரைக் கூட்டியும் குறைத்தும் பளுவைச் செம்மையாக அளந்துகொள்ள முடியும் என்பதால், வாளி சிறந்த கருவியே. வேறிரு நாட்களில் சூரிய நமஸ்காரம் உடலை வளைக்க உதவும். வயலிலும் வரப்பிலும் நாள் முழுதும் குனிந்து வேலை செய்வோருக்கோ பளுவைவிட, முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளே முதலில் வேண்டுவன.

பாடசாலைகளில் ஆண்டு முழுதும் ஒரே டிரில் நடத்துவதும் இக்குறையுடையதே. 5 முதல் 17 வயது வரையிலான சிறுவர் சிறுமியருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட இயக்கமும், அதில் மூன்று நாட்களேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று மேற்கூறிய வழிகாட்டி கூறுகிறது. கேலோ இந்தியா திட்டத்தின் பள்ளி உடற்தகுதிச் சோதனையில் 50 மீட்டர் விரைவோட்டம், 600 மீட்டர் ஓட்டம், அமர்ந்து முன்வளைதல், ஒற்றைக்காலில் நிற்றல் எனத் தனித்தனி அளவைகள் வைக்கப்பட்டிருப்பது, ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றில் தேர்ந்தவராக இருக்கவேண்டியதில்லை என்பதாலேயாகும். ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வரும் பிள்ளை, கயிறிழுத்தலில் முதன்மையாக நிற்கக்கூடும். ஓட்டப் பந்தயம் ஒன்றையே நடத்தும் பள்ளியில் அப்பிள்ளை விளையாட்டுத் திடலையே வெறுத்துவிடும்.

65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களேனும் சமநிலைப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். சுவரையோ உறுதியான நாற்காலியையோ தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து வினாடி நிற்பதிலிருந்து தொடங்கலாம். பழகியபின் விரல் நுனியால் மட்டும் தொடலாம். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்கள் இதனைத் தனியே செய்யலாகாது. நெஞ்சுவலி, மிகுந்த இரத்த அழுத்தம் உடையோர் பளு தூக்கத் தொடங்குமுன் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம். பளு தூக்கும்போது மூச்சை அடக்காமல், தூக்கும் வேளையில் வெளிவிடுவதே முறை.