மின்னல் எனும் புரவி

நுழையும்முன்

வெற்றி பெற்றவரை உலகம் போற்றுகிறது. வெற்றிமேல் வெற்றி பெற்றால் அவர் தலையில் மேலும் சுமையை ஏற்றுகிறது. வாய் பேசாத ஓர் உயிருக்கும் இதே நிலை நேர்ந்தது. நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் புகழ் பெற்று, அமெரிக்க மண்ணில் உயிர் நீத்த குதிரை ஒன்றின் வாழ்க்கையை இப்பாடத்தில் படிப்போம்.

விலை போகாத குட்டி

நியூசிலாந்தின் தென்தீவில் திமாரு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் அருகே 1926ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் செந்நிறக் குதிரைக்குட்டி ஒன்று பிறந்தது. அது தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தைச் சேர்ந்தது. அதன் தந்தை நைட் ரெய்டு, தாய் என்ட்ரீட்டி. இவ்விரண்டும் பந்தயக் களத்தில் பெயர் பெற்றவை அல்ல. எனவே, அக்குட்டியின்மீது எவரும் பெரிதாக நம்பிக்கை கொள்ளவில்லை.

ஆயினும், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வாழ்ந்த ஹாரி டெல்ஃபோர்ட் என்னும் பயிற்சியாளரின் பார்வை அக்குட்டியின்மீது விழுந்தது. அவர் செல்வர் அல்லர், வறுமையோடு போராடியவர். குதிரைகளின் வம்சாவளியை ஊன்றிப் படிப்பது அவருடைய பழக்கம். 1890ஆம் ஆண்டில் மெல்போர்ன் கோப்பையை வென்ற கார்பைன் என்னும் புகழ்மிக்க குதிரை, இக்குட்டியின் மூதாதையருள் ஒன்று என்பதை அவர் கண்டறிந்தார். குட்டியை வாங்க அவரிடம் பணம் இல்லை. டேவிட் டேவிஸ் என்னும் வணிகரிடம் எடுத்துரைத்து அவரை இசையச் செய்தார். 1928ஆம் ஆண்டு டிரெந்தம் என்னும் இடத்தில் நடந்த ஏலத்தில் 160 கினி விலைக்குக் குட்டி வாங்கப்பட்டது. நல்ல குதிரைகள் விலைபோகும் தொகையோடு ஒப்பிட இது மிகச் சிறியது.

கப்பலில் வந்திறங்கிய குட்டியைக் கண்ட டேவிஸ் சினம் கொண்டார். அது மெலிந்திருந்தது, முகமெங்கும் மருக்கள், நடையிலும் ஒழுங்கில்லை. "இதன் பயிற்சிக்குப் பணம் தரமாட்டேன்" என்று அவர் மறுத்துவிட்டார். டெல்ஃபோர்ட் மனம் தளரவில்லை. குட்டியை மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். பயிற்சிச் செலவு முழுவதும் அவருடையது. வெல்லும் பரிசில் மூன்றில் இரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு டேவிஸுக்கு. இதுவே அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை.

பெயரும் முதல் ஓட்டமும்

சிட்னியில் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர் இக்குட்டிக்கு ஒரு பெயரை முன்மொழிந்தார். தாய்லாந்து மொழியில் மின்னலைக் குறிக்கும் சொல்லே அப்பெயர். அதுவே 'ஃபார் லாப்' என்றாயிற்று.

பெயரில் மின்னல் இருந்தது; காலில் இல்லை. 1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓடிய முதல் பந்தயத்தில் ஃபார் லாப் கடைசியாக வந்தது. அடுத்த மூன்று பந்தயங்களிலும் பரிசு கிட்டவில்லை. டெல்ஃபோர்ட் அதனை மணல்மேடுகளில் ஏற்றி இறக்கிக் கடுமையாகப் பயிற்றினார். குட்டி வளர்ந்தது, மெலிந்த உடலில் தசை திரண்டது. ஐந்தாம் பந்தயத்தில், அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், அது முதன்முதலாக வென்றது. சில திங்களுக்குள் சிட்னியிலும் மெல்போர்னிலும் நடந்த டெர்பி பந்தயங்கள் இரண்டிலும் வாகை சூடியது. ஏளனம் செய்தவர்கள் வியந்து நின்றனர்.

டாமி என்னும் தோழர்

குதிரைக்குத் தீனி வைப்பவர், உடல் தேய்ப்பவர், லாயத்தில் உடன் இருப்பவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஃபார் லாப்பின் வரலாற்றில் மட்டும் அப்படிப்பட்ட ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது. அவர் டாமி உட்காக் என்னும் இளைஞர். அவர் அக்குதிரையைச் செல்லமாக 'பாபி' என்று அழைத்தார். அதுவும் அவரை விட்டுப் பிரியாமல் பழகியது.

அந்த அன்புக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1930ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பையில் ஃபார் லாப்பே வெல்லும் என்று மக்கள் பெருந்தொகை கட்டியிருந்தனர். அது வென்றால் சிலருக்குப் பேரிழப்பு. நவம்பர் 1ஆம் நாள் காலை, பயிற்சி முடிந்து உட்காக் குதிரையை அழைத்துவந்துகொண்டிருந்தார். அப்போது காரில் வந்த சிலர் துப்பாக்கியால் சுட்டனர். தாம் ஏறியிருந்த மட்டக்குதிரையை இடையில் நிறுத்தி, அவர் ஃபார் லாப்பைக் காத்தார். குண்டு குறி தவறியது. அன்று பிற்பகலே ஃபார் லாப் களத்தில் இறங்கி ஒரு பந்தயத்தில் வென்றது என்பது வியப்புக்குரியது.

எட்டு நாளில் நான்கு வெற்றி

அதன்பின் குதிரை மறைவான ஓரிடத்தில் வைத்துக் காக்கப்பட்டது. நவம்பர் 4ஆம் நாள் ஃபிளெமிங்டன் புல்தரைக் களத்தில் மெல்போர்ன் கோப்பைப் பந்தயம் நடந்தது. தொலைவு இரண்டு மைல், அதாவது ஏறத்தாழ 3,200 மீட்டர். ஜாக்கி ஜிம் பைக் சேணத்தில் அமர்ந்திருந்தார். ஃபார் லாப் மூன்று குதிரை நீள முன்னிலையில் எல்லைக்கோட்டைக் கடந்தது. அதே வாரத்தில் மேலும் இரு பந்தயங்களில் வென்றது. நவம்பர் 1 முதல் 8 வரை, எட்டு நாளில் நான்கு வெற்றிகள்!

அக்காலத்தில் உலகெங்கும் பொருளாதாரப் பெருமந்தம் நிலவியது. ஆஸ்திரேலியாவில் ஆலைகள் மூடப்பட்டன. வேலை இழந்தோர் உணவுக்காக வரிசையில் நின்றனர். எவரும் விரும்பாத குட்டியாக வந்து எல்லாரையும் முந்திய குதிரையில், துன்புற்ற மக்கள் தங்களையே கண்டனர். அதன் வெற்றியைத் தம் வெற்றியாகவே கொண்டாடினர்.

வெற்றியின் சுமை

மெல்போர்ன் கோப்பை போன்ற பந்தயங்களில் எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. திறன் மிக்க குதிரைக்கு மிகுந்த எடை, திறன் குறைந்ததற்குக் குறைந்த எடை என்று முன்னரே வரையறுப்பர். ஜாக்கியின் எடை போதாவிட்டால் ஈயத் துண்டுகளைச் சேணத்துடன் சேர்ப்பர். போட்டி சமமாக இருக்கவேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம்.

1930ஆம் ஆண்டுக் கோப்பையில் ஃபார் லாப் சுமந்தது ஏறத்தாழ 62.5 கிலோகிராம். மறு ஆண்டு அதற்கு விதிக்கப்பட்டதோ 68 கிலோகிராம். அச்சுமையோடு இரண்டு மைல் ஓடிய ஃபார் லாப் எட்டாம் இடத்தையே பெற்றது. தோற்றது குதிரையா, அதன்மேல் ஏற்றப்பட்ட ஈயமா என்னும் கேள்வி பார்த்தவர் உள்ளத்தில் எழுந்தது.

கடல் கடந்த இறுதிப் பயணம்

இதற்கிடையே குத்தகைக் காலம் முடிந்து, டெல்ஃபோர்ட் குதிரையின் பாதி உரிமையை விலைக்கு வாங்கியிருந்தார். வட அமெரிக்காவில் ஓடவிட்டால் பெரும்பரிசு கிட்டும் என்று டேவிஸ் எண்ணினார். டெல்ஃபோர்ட் உடன் செல்லவில்லை. டாமி உட்காக்கே பயிற்சியாளராகச் சென்றார். நீண்ட கடற்பயணத்திற்குப் பின், 1932ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மெக்சிகோ நாட்டின் டிஹுவானா நகரிலுள்ள அகுவா கலியெந்தே களத்தில் ஃபார் லாப் இறங்கியது. பழகிய புல்தரை அங்கில்லை, மண்தரையே இருந்தது. பயிற்சியின்போது குளம்பிலும் காயம் பட்டிருந்தது. ஆயினும், பின்னிருந்து முன்னேறி வென்று, அக்களத்தின் பழைய நேரச் சாதனையையும் முறியடித்தது.

அதுவே இறுதி ஓட்டம். ஏப்ரல் 5ஆம் நாள் காலை, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த லாயத்தில் குதிரை வலியால் துடிப்பதை உட்காக் கண்டார். சில மணி நேரத்தில், அவர் அருகிலேயே அதன் உயிர் பிரிந்தது. அப்போது அதற்கு ஆறு வயதுகூட நிறைவடையவில்லை. 51 பந்தயங்களில் ஓடி 37இல் வென்ற வாழ்வு அவ்வாறு முடிந்தது.

மரணத்தின் காரணம் பற்றிப் பல ஐயங்கள் எழுந்தன. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அதன் பிடரி மயிரை ஆராய்ந்தனர். இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நாளுக்குள் மிகுந்த ஆர்செனிக் நஞ்சு உடலில் சேர்ந்தது என்று 2008ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆர்செனிக் கலந்த சத்து மருந்துகளைக் குதிரைகளுக்குக் கொடுப்பது அக்கால வழக்கம். ஆகவே, அது பிறர் செய்த தீங்கா, மருந்தின் அளவு மிகுந்ததன் விளைவா, குடல் நோயா என்பது இன்றும் முடிவாகவில்லை.

மூன்று ஊர்களில் ஒரு குதிரை

ஃபார் லாப் எந்த நாட்டிற்கு உரியது? பிறந்த நாடு நியூசிலாந்து. புகழ் தந்த நாடு ஆஸ்திரேலியா. இரு நாட்டு மக்களும் 'எங்கள் குதிரை' என்றே கூறுகின்றனர். அதன் எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாடம் செய்யப்பட்ட தோல், உயிருள்ள குதிரை போலவே, மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 6.2 கிலோகிராம் எடையுள்ள இதயம் கான்பெராவில் உள்ளது. அது சாதாரணக் குதிரையின் இதயத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. மனவலிமை மிக்கவரை 'ஃபார் லாப்பின் இதயம் கொண்டவர்' என்று ஆஸ்திரேலிய மக்கள் இன்றும் பாராட்டுவர். 2010ஆம் ஆண்டில் எலும்புக்கூட்டை மெல்போர்னுக்குக் கொண்டுவந்து, தோலின் அருகில் சில காலம் வைத்தனர்.

டாமி உட்காக் பின்னர்ப் பயிற்சியாளராகவே வாழ்ந்தார். 1977ஆம் ஆண்டு, தம் முதுமையில், ரெக்லெஸ் என்னும் குதிரையை மெல்போர்ன் கோப்பைக்கு அழைத்துவந்தார். அது இரண்டாம் இடம் பெற்றது. கோப்பை கிட்டாதபோதும், 'பாபி'யைக் காத்த அந்த மனிதரை மக்கள் மறக்கவில்லை.

கூட்டம் வெற்றியை விரும்பியது. உரிமையாளர் பரிசை விரும்பினார். சிலர் அதன் தோல்வியை விரும்பினர். குதிரையைக் குதிரையாகவே நேசித்தவர் டாமி. ஓர் உயிரின் மதிப்பு 160 கினியிலும் இல்லை, 37 வெற்றியிலும் இல்லை என்பதை அவர் அன்பு உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

புரவி, பரி – குதிரை
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
வம்சாவளி – மரபு வரிசை
உடன்படிக்கை – ஒப்பந்தம்
லாயம் – குதிரை கட்டும் இடம்
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
உளை – குதிரையின் பிடரி மயிர்
ஏளனம் – இகழ்ச்சி

தெரிந்து தெளிவோம்

குதிரைகள் கடல் கடந்து வருவது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேலர்' எனப்படும் குதிரைகள் படைப்பணிக்காகக் கப்பலில் இந்தியாவுக்கு வந்தன.

மொழியை அறிவோம்: ஒலி மாறினால் பொருள் மாறும்

உலை – சோறு சமைக்க வைக்கும் நீர். கொல்லர் தீ வளர்க்கும் இடம்
உழை – பாடுபடு
உளை – பிடரி மயிர்
பரி – குதிரை
பறி – பிடுங்கு

இச்சொற்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிப் பழகுக. வீட்டில் பெரியோர் ஒலிக்கும் முறையையும் கேட்டு ஒப்பிடுக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. ஃபார் லாப் என்னும் பெயரின் பொருள்: (புயல் / மின்னல் / இடி)
2. ஃபார் லாப் முதல் வெற்றி பெற்றது: (முதல் பந்தயத்தில் / மூன்றாம் பந்தயத்தில் / ஐந்தாம் பந்தயத்தில்)
3. ஃபார் லாப்பின் இதயம் உள்ள நகரம்: (வெலிங்டன் / கான்பெரா / மெல்போர்ன்)

ஆ. மரபுச் சொல்லால் நிரப்புக. (பிளிறும், அகவும், கனைக்கும், கூவும்)
1. குதிரை ______
2. யானை ______
3. மயில் ______
4. குயில் ______

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. டேவிஸ் குட்டியைக் கண்டதும் சினம் கொண்டது ஏன்?
2. டெல்ஃபோர்ட் குட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் யாது?
3. பெருமந்தக் காலத்து மக்கள் ஃபார் லாப்பை நேசித்தது ஏன்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. திறன் மிக்க குதிரைக்கு மிகுந்த எடை விதிப்பது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இரவில் டாமி உட்காக் தம் வீட்டிற்குக் கடிதம் எழுதுவதாகக் கற்பனை செய்து, அக்கடிதத்தை எழுதுக.

கற்பவை கற்றபின்

பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் ஒன்று, பணி செய்யும் ஊர் ஒன்று என வாழ்வோர் பலர். உம் தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோரிடம் "உங்கள் ஊர் எது?" என்று கேட்டு, அவர்கள் கூறும் விடையையும் காரணத்தையும் குறித்துக்கொள்க. பின்னர், "என் ஊர்" என்னும் தலைப்பில் பத்துத் தொடர்கள் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.