மிஞ்சிய சாப்பாடும் கல்லூரிப் பிள்ளைகளும்

வலீமா விருந்து முடிந்தபின் தேக்சாவில் மிஞ்சும் பிரியாணியை என்ன செய்வதென்று ஒவ்வொரு முறையும் தவிக்கிறோம். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கும் 2011-ல் இதே தவிப்பு. வளாக உணவுக்கூடத்தில் பரிமாறாமல் மிஞ்சிய உணவு, இரவு மூடும்போது குப்பைக்குப் போனது. குப்பைமேட்டில் புதையும் உணவு காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது. கரியமில வாயுவைவிடப் பூமியை அதிகம் சூடாக்குவது அது. சில மைல் தூரத்து வாஷிங்டனிலோ பசித்தவர்கள் இருந்தார்கள்.

இப்படிக் கொடுக்க அங்கே பலரும் தயங்குவது, சாப்பிட்டவருக்கு ஏதேனும் ஆனால் வழக்கு வருமே என்றுதான். நல்லெண்ணத்தோடு கொடுப்பவரைக் காக்கும் சட்டமோ அந்நாட்டில் 1996-லேயே வந்துவிட்டது! (விவரம் கேட்காமல் பயந்தே நாமும் எத்தனை நல்ல காரியங்களை நிறுத்தியிருக்கிறோம்.) மாணவர்கள் இரவில் உணவைச் சேகரித்துக் காப்பகங்களுக்குக் கொண்டுபோனார்கள். 'ஃபுட் ரெகவரி நெட்வொர்க்' என்ற பெயரில் அது மற்றக் கல்லூரிகளுக்கும் பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பரிமாறாத உணவைத்தான் கொடுக்கலாம். தட்டில் மிஞ்சியது ஆகாது. சமைத்தது சூடு தணிந்து நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். ஆகவே யாருக்குக் கொடுப்பது, யார் கொண்டுபோவது என்பதைப் பண்டாரியிடம் சமையலுக்குச் சொல்லும் நாளிலேயே பேசிவைத்துவிடுங்கள்.