முதலில் ஒரு கணினி, பிறகு ஆய்வகம்

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினர். அதற்காகப் புதுப்பிக்காமலும் இருக்கலாகாது. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை, மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்ட திருத்தத்தை நிறுவாத கணினிகளையே பெரும்பாலும் தாக்கியது.

பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களின் மாணவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். தறியில் புதுப் பாவு பிணைத்ததும், சில அங்குலம் நெய்து இழை சரிபார்த்த பிறகே தொடர்வது வழக்கம். ஆய்வகத்திலும் அவ்வாறே செய்வோம். கோப்புகளை நகலெடுத்து, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் புதிய பதிப்பை ஒரு கணினியில் மட்டும் நிறுவுவோம். அதை அணைத்து மீண்டும் இயக்கி, பாடச் செயலிகளை மாணவர்களே சோதிக்கட்டும். எல்லாம் சரியெனில் மற்ற கணினிகளிலும் நிறுவலாம்.