பாப்பா முந்திவிட்டாளா என்று கேட்டாய்

அன்புள்ள அம்மாடி,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். இரண்டேகால் வயதில் பாப்பா ஏபிசிடி முழுக்கச் சொல்கிறாள், இருபது வரை எண்ணுகிறாள், அட்டையைக் காட்டினால் எந்த நாட்டுக் கொடி என்று சொல்கிறாள். வயதுக்கு மீறின அறிவா அத்தை, சாதனைப் புத்தகத்துக்கு எழுதிப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். இதைப் போனில் பேசி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பாப்பா கெட்டிக்காரி. சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள், பேச்சும் தெளிவு. ஆனால் கொடியையும் எழுத்தையும் வைத்து அவள் வயதை முந்திவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் எதைக் காட்டினாலும் மனதில் ஏறும். ஜப்பான் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நடுவில் சிவப்பு வட்டம் இருந்தால் இந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், சொன்னால் அம்மா சிரிப்பாள், அவ்வளவுதான் தெரியும்.

அந்த வீடியோவில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கடைசியில் வெளியே ஒரு காக்கை கத்துகிறது. பாப்பா ஜன்னல் பக்கம் விரலை நீட்டி, உன்னைத் திரும்பிப் பார்த்து, "காக்கா போச்சு" என்கிறாள். நீ, "இங்க பாரு, இது என்ன கொடி?" என்று அட்டையை முன்னால் நீட்டிவிட்டாய். அம்மாடி, அந்தக் காக்கைதான் முக்கியம். அந்த இரண்டு சொல்லை யாரும் அவளுக்குப் பழக்கித் தரவில்லை. தான் கண்டதைத் தானே கோத்து, நீயும் பார்க்க வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். இந்த வயதில் வளர்ச்சி சரியாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

எழுத்தையும் எண்ணையும் ஓயாமல் சொல்லிக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், எதையும் விரல் நீட்டிக் காட்டாமல் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. வீட்டில் எல்லோரும் எழுத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் மற்றதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைத் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். நம் பாப்பாவைப் பற்றி அந்தக் கவலை எனக்கு இல்லை.

திருவனந்தபுரத்துக் குழந்தை மருத்துவர்கள் 1991இல் ஒரு வளர்ச்சி அட்டவணை வெளியிட்டார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் 17 செய்கைகள்தான் அதில் இருக்கின்றன. முகம் பார்த்துச் சிரிப்பது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொருளை மாற்றுவது, இரண்டு சொல் சொல்வது, பின்பக்கமாக நடப்பது, பிடித்துக்கொண்டு படி ஏறுவது, பொம்மையின் கண் மூக்கைத் தொட்டுக் காட்டுவது, இப்படி. எழுத்து ஒன்றுகூட இல்லை. அப்புறம், முந்தினது பிந்தினது என்பதும் நாம் நினைக்கிற மாதிரி கிடையாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் ஒரு கணக்குச் சொன்னது. நல்ல ஆரோக்கியமான பிள்ளை தனியாக நடப்பது எட்டு மாதத்திலும் இருக்கலாம், பதினேழு மாதம் தாண்டியும் இருக்கலாம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பால்வாடி டீச்சராக இருந்த காலத்தில் நான் பார்த்த பிள்ளைகளை உனக்குச் சொல்ல வேண்டும். கடுக்காய் பொறுக்கும் பருவத்தில் அம்மாவோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளை, பூச்சி அரித்த காயைத் தனியாக ஒதுக்கி வைக்கும். மேயப் போகிற ஆடுகளில் எது யார் வீட்டு ஆடு என்று பிசகாமல் சொல்லும். அதே பிள்ளையிடம் படத்தைக் காட்டி ரயில் எது என்று கேட்டால் விழிக்கும். கல்வராயன் மலையில் ரயில் ஏது? அதை வைத்து 'மந்தமான பிள்ளை' என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. 1976இல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. அந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. வீட்டில் அட்டையும் இல்லை, காட்டிச் சொல்லித்தர ஆளும் இல்லை. உன் பாப்பா கொடியைச் சொல்வதும் மலைப்பிள்ளை ஆட்டைச் சொல்வதும் ஒரே அறிவுதான். ஒன்றுக்கு மட்டும் சான்றிதழ் கிடைக்கிறது.

ஈரோட்டில் 1887இல் பிறந்த கணித மேதை ராமானுஜன் மூன்று வயது வரை சரியாகப் பேசவே இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அம்மா பயந்துபோய்க் காஞ்சிபுரத்தில் தன் பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே கையைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தார்கள். அப்புறம் பேச்சு வந்தது. இரண்டேகால் வயதில் அவரையும் பாப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால், பாப்பாதான் முந்தி என்று எல்லோரும் சொல்லியிருப்போம். அதற்காக, பேச்சு வராத பிள்ளையை ராமானுஜன் பெயரைச் சொல்லிக் காக்க வைக்கக் கூடாது. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். உன் சிநேகிதியின் பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, அவளிடம் இதைச் சொல். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே குழந்தைகள் பிரிவில் காட்டலாம்.

பாப்பாவுக்கு நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாப்பிட மாட்டேன் என்கிறாள், போனைக் காட்டித்தான் ஊட்டுகிறேன், மற்ற நேரம் பால்தான் என்று எழுதியிருக்கிறாய். இதுதான் என்னை உறுத்துகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை. பால் மட்டுமே குடித்து வயிறு நிறைகிற பிள்ளைக்கு இரும்புச்சத்து போதாது. அது குறைந்தால் கவனமும் கற்கும் திறமும் குறையும். ஒரு தடவை இரத்தம் பார்த்துவிடு. பாலைக் குறைத்து முட்டை, கேழ்வரகு, கீரை, பருப்பு கொடு. ஊட்டும்போது போன் வேண்டாம். இந்த வயதுக்கு நாளெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதுவும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லியிருக்கிறது. சாப்பிடும் நேரத்தில் அவளோடு பேசு. அவள் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல், அவள் மறுபடி சொல்லட்டும். வெண்டைக்காயைக் கையில் கொடு, பொம்மைக்குச் சோறு ஊட்டச் சொல், மண்ணில் விடு.

சாதனைப் புத்தகத்துக்கு எழுதிப் போடாதே. இன்றைக்குச் சான்றிதழ் வாங்கினால் நாளைக்கு அவள் கொடியை மறந்ததும் உனக்குக் கோபம் வரும். ஐந்து வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை அவளை எட்டிப் பிடித்தால் அவள் தோற்றுவிட்டதாக நீயே நினைப்பாய். பெரும்பாலும் எட்டிப் பிடிக்கத்தான் செய்வார்கள், எழுத்தும் எண்ணும் எல்லாப் பிள்ளைக்கும் வரும்.

ப்ளே ஸ்கூலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் தெருப் பால்வாடிக்கு ஒரு நாள் போய்ப் பார். இரண்டு வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். எடை, உயரம் எழுதுவார்கள், மத்தியானச் சாப்பாடு உண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை டாக்டர் குழு வந்து பார்க்கும். வரும் திங்கட்கிழமையே பாப்பா பெயரைப் பதிந்துவிடு. மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அன்புடன்,
உன் அத்தை